சத்திரக்காரி தலையசைத்த வருஷம்

முதலில் எனக்குத் தீங்கு செய்தவன் என் மச்சினன் சூசைமரியான். அதைச் சொல்லி முடித்த பிறகுதான் தம்பி, உங்களைப் போர்டைத் தொட விடுவேன். அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்கள். குடிலின் வைக்கோலை மிதித்தால் பரவாயில்லை. வாத்து நிற்கிற குளத்தில் மட்டும் காலை வைத்துவிடாதீர்கள், அது முகம் பார்க்கிற கண்ணாடி.

என்ன கெட்டுப்போயிற்று என்று போனில் கேட்டீர்கள். ஒன்றும் கெட்டுப்போகவில்லை. எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. அதுதான் என் புகார். மார்த்தாண்டத்திலிருந்து பைக்கில் வந்த மனுஷனிடம் இப்படிச் சொல்லக் கூடாதுதான். ஆனால் போனிலேயே விவரம் சொல்லியிருந்தால் நீங்கள் வந்திருக்க மாட்டீர்கள். கிழவனுக்குக் கிறுக்கு என்று வைத்திருப்பீர்கள். இப்போதும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கேட்டுவிட்டு வையுங்கள்.

சூசைமரியான் என் மனைவி ஞானப்பூவுக்கு நேர் மூத்தவன். எங்கள் கோயில் பங்கில் வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்குக் குடில் போட்டி உண்டு, இந்தப் பக்கத்து ஆள் நீங்கள், தெரியாமல் இருக்காது. தெருவுக்குத் தெரு குடில் வைப்பார்கள். எல்லாரும் மாட்டுத்தொழுவத்தை வைப்பார்கள், மாதாவை வைப்பார்கள், ஆட்டை வைப்பார்கள். பிள்ளை பெற வந்த மாதாவுக்கு இடமில்லை என்று கதவைச் சாத்தினானே, அந்தச் சத்திரத்தை யாராவது வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? நான் வைத்தேன். நான் கொத்தனார். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. மாடி வைத்து, படிக்கட்டு வைத்து, சுண்ணாம்பு பூசி, கூரை ஓடுகளைக்கூட விரல் அளவில் நானே சுட்டு அடுக்கினேன். பார்க்க வந்த ஜனம் பிறந்த பாலனை விட்டுவிட்டுச் சத்திரத்தைத்தான் பார்த்தது.

பரிசு யாருக்குப் போயிற்று? கீழத்தெருவுக்கு. தெர்மோகோலில் ஒரு உலக உருண்டை செய்து, பழைய டேபிள் ஃபேன் மோட்டாரில் சுற்ற விட்டிருந்தார்கள். மாட்டுத்தொழுவத்தில் உலக உருண்டைக்கு என்ன வேலை, சொல்லுங்கள். நடுவர் மூன்று பேர். பக்கத்துப் பங்குச் சாமியார் ஒருவர், ஒரு டீச்சர், மூன்றாவது ஆள் என் மச்சினன். மற்ற இருவரும் எனக்குத்தான் என்று சொன்னார்களாம். இவன்தான் வேண்டாம் என்று அவர்கள் மனசையும் மாற்றியிருக்கிறான். பூசை முடிந்து ஆட்கள் கலைகிற நேரம், கோயில் முற்றத்தில் வைத்துக் கேட்டேன். மேல்துண்டைச் சரி செய்துகொண்டே சொன்னான்:

"சொந்தக்காரனுக்குக் குடுத்தா ஊரு பேசும், ராயப்பா."

ஊர் பேசுமாம். ஊர் பேசாமல் இருப்பதற்கு என்னைப் பலி கொடுத்தான். அன்றோடு அவன் வாசலை மிதிப்பதில்லை என்று வைத்தேன். நான் மிதிக்கவில்லை என்றால் ஞானப்பூவும் மிதிக்க மாட்டாள், அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சொல்லவும் இல்லை. ஒரே ஒரு தடவை, அவன் மகளுக்கு நிச்சயதார்த்தம் என்று சொன்னாள். அப்படியா என்றேன். அவ்வளவுதான், அவளாகவே போகாமல் இருந்துவிட்டாள். நல்ல பெண் தம்பி. என் பேச்சுக்கு எதிர்ப்பேச்சே கிடையாது.

அவன் வீடு தூரமில்லை. அதோ, அந்த வாழைத்தோட்டத்துக்கு அந்தப் பக்கம். பின்புறம் துணி காயப்போடும்போது ஒரு துணியை உதறிவிட்டு அந்தப் பக்கம் பார்ப்பாள். அடுத்ததை உதறிவிட்டு மறுபடியும் பார்ப்பாள். நாலு துணி காயப்போட அவ்வளவு நேரமா ஆகும்? அந்த வருஷம்தான் பின்சுவரை இன்னும் கொஞ்சம் ஹாலோ பிளாக் வைத்து உயர்த்தினேன். அதற்காக அல்ல. ஆடு ஏறி வந்து செடியைத் தின்கிறது என்று. அப்போது யார் வீட்டிலும் ஆடு இல்லை, ஆனால் வாங்க மாட்டார்கள் என்று என்ன நிச்சயம்?

பிறகு அவளுக்கு நெஞ்சில் நீர் கோர்த்தது. ஆஸ்பத்திரியில் பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்துவிட்டு, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். முன்னறையில் ஜன்னல் ஓரமாகக் கட்டிலைப் போட்டேன், காற்று வரட்டும் என்று. மகன் ஸ்டெபின் கொச்சியில் லிஃப்ட் கம்பெனியில் வேலை. லீவு போட்டுவிட்டு வந்து கூடவே இருந்தான். ஒரு நாள் அவள், அண்ணனை ஒருதடவை வரச் சொல்லட்டுமா என்று கேட்டாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இதை நீங்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும் தம்பி, ஏனென்றால் பின்னால் இதைத்தான் மாற்றிப் பேசினார்கள். வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. வரட்டும், வாசலில் நின்று, நான் செய்தது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், பிறகு தாராளமாக உள்ளே வரட்டும் என்றுதான் சொன்னேன். இதில் என்ன குற்றம்?

வந்தான். யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், ஸ்டெபினாகத்தான் இருக்கும். கையில் ஒரு சீப்பு ரசகதலிப் பழம். நான் கேட்டைத் திறக்காமல் உள்பக்கம் நின்றேன். சொல்லு என்றேன். எதிர்வீட்டுக்காரி முற்றம் பெருக்குவதை நிறுத்திவிட்டுப் பார்க்கிறாள். அவன் என்னைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான், எதிர்வீட்டுக்காரியைப் பார்த்தான். வாயைத் திறக்கவில்லை. அப்போதும் அவனுக்கு ஊர்தான் பெரிது. பழத்தைக் கேட்டின் தூண்மேல் வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டான்.

நான் உள்ளே வந்தேன். யார் வந்தது என்று ஞானப்பூ கேட்டாள். யாருமில்லை என்றேன். மூச்சு விடக் கஷ்டப்படுகிறவளிடம் எதற்கு இந்தச் சண்டையெல்லாம்? அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். களைப்பு.

அந்த வாரமே போய்விட்டாள். அடக்கத்துக்கு அவனும் வந்தான். கூட்டத்துக்குப் பின்னால் நின்று அவன் அழுத அழுகையைப் பார்த்தால், போனது என்னவோ அவன் வீட்டு ஆள் என்று நினைப்பீர்கள்.

சரி. போர்டு விஷயத்துக்கு வருகிறேன். அவசரப்படாதீர்கள், கடுங்காப்பி ஆறுகிறது பாருங்கள், குடியுங்கள்.

துக்க வீடு, இந்த வருஷம் குடில் வேண்டாம் என்றுதான் நான் சொன்னேன். ஸ்டெபின் கேட்கவில்லை. அம்மாவுக்குப் பிடிக்கும், வைப்போம், இந்தத் தடவை எல்லாம் அசைகிற மாதிரி வைப்போம் என்றான். ஒரு பெட்டி நிறையக் குட்டி மோட்டார்களைக் கொண்டு வந்து கொட்டினான். செர்வோ என்கிறீர்களே, அது. ஃபேன் மோட்டார் போல மடத்தனமாகச் சுற்றிக்கொண்டே இருக்காது. இவ்வளவு திரும்பு என்றால் அவ்வளவுதான் திரும்பும், அங்கேயே நிற்கும். கழுத்துக்கு ஒன்று, தோளுக்கு ஒன்று, இறக்கைக்கு ஒன்று என்று அவன் பிரித்து வைக்க வைக்க, நான் காகிதக்கூழில் உருவம் பிடித்தேன். சிமெண்டு என்றால் பாரம் தாங்காது என்றான்.

உங்களுக்குத் தெரிந்ததையே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது விளங்கின விதத்தில் சொன்னால்தான் எனக்குக் கதை வரும். தீப்பெட்டி போல ஒன்று மூளை. இன்னது இன்ன நேரத்தில் அசைய வேண்டும் என்று அவன் எழுதினதெல்லாம் அதற்குள் இருக்கிறது. ஆனால் இத்தனை மோட்டாரை இழுக்க மூளைக்குத் தெம்பு கிடையாது. அதனால் அதன்மேல் மாட்டிக்கொள்ள இந்த நீலப் போர்டு. வரிசையாக இடம் இருக்கிறது, மோட்டாரையும் செருகலாம், எல்.இ.டி. பல்பையும் செருகலாம். கரண்டு தனியாக அடாப்டரிலிருந்து வரும், உத்தரவு மட்டும் மூளையிலிருந்து வரும். எங்களுக்கு ஒரு போர்டு போதவில்லை. தொழுவத்துக்கு ஒன்று, சத்திரத்துக்கு ஒன்று என்று இரண்டு வைத்தான். தொழுவத்துப் போர்டில் மாதா, இறக்கை வைத்த சம்மனசு, ஆடு, மேலே நட்சத்திரம். சத்திரத்துப் போர்டில் பாலனைக் கும்பிட வந்த மூன்று ராஜாக்கள், அப்புறம் அவள்.

சத்திரத்து வாசலில் ஒரு பெண் வேண்டும் என்றான், சத்திரக்காரன் மனைவி, கையில் விளக்கோடு. முகத்தை நான்தான் வைத்தேன். அவளை நினைத்துக்கொண்டு வைக்கவில்லை. நாற்பது வருஷம் ஒரே முகத்தைப் பார்த்த கை, அது பாட்டுக்குப் போயிற்று. ஸ்டெபின் பார்த்தான். உள்ளே போய் அவளுடைய ஊதாச் சேலையைக் கொண்டு வந்து, முந்தானைப் பக்கம் கிழித்து, அதற்குச் சுற்றிவிட்டான்.

அவன் எழுதி வைத்தது என்னவென்றால், அவள் மெள்ள ரோட்டுப் பக்கம் முகத்தைத் திருப்புவாள். விளக்கு கொஞ்சம் கொஞ்சமாகப் பிரகாசமாகும். யாராவது வருகிறார்களா என்று பார்க்கிற மாதிரி. பிறகு விளக்கு மங்கும், முகமும் திரும்பிவிடும். எனக்கு அது பிடிக்கவில்லை. சத்திரக்காரிக்கு ரோட்டில் என்ன வேலை? ஆனால் துக்கத்தில் இருக்கிற பையன், போகட்டும் என்று விட்டேன்.

முற்றத்தில் எல்லாம் மாட்டி ஓடவிட்டுப் பார்த்துவிட்டு அவன் கொச்சிக்குப் போனான். போன மறுநாள் காற்றும் மழையும். சத்திரத்துக் கூரை ஒழுகி, கீழே இருந்த போர்டு நனைந்து கருகிவிட்டது. நான் அவனைக் கூப்பிடவில்லை. கருகினதைக் கையோடு நாகர்கோவிலுக்குக் கொண்டுபோய், இதே மாதிரி ஒன்று கொடுங்கள் என்று வாங்கி வந்தேன். அதே நீலம், அதே அளவு. ஒவ்வொரு வயராக இதிலிருந்து பிடுங்கி அதில் செருகினேன். ஒன்றுகூட மாறவில்லை. கொத்தனாருக்கு வரிசை தப்பாது.

சாயங்காலம் கோயிலில் மணி அடிக்கிற நேரம் ஸ்விட்சைப் போட்டேன். தொழுவத்தில் சம்மனசு இறக்கையை அடிக்கிறது. இந்தப் பக்கம் ராஜாக்கள் மூன்று பேரும் கையைப் படபடவென்று அடிக்கிறார்கள். தெருவில் அல்போன்ஸ் நின்றான், பக்கத்து வீடு, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டான். "ராயப்பண்ணே, ராஜாக்கமாரு பெத்லகேமுக்குப் பறந்தா வந்தாவ?" என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அணைத்துவிடலாம் என்று ஸ்விட்சுக்குக் கையைக் கொண்டுபோனேன்.

அப்போதுதான் அவளைப் பார்த்தேன்.

அவள் ரோட்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து நின்று, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்தாள். நின்றாள். மறுபடியும் அசைத்தாள். இல்லை, இல்லை என்று. கையில் விளக்கு மினுக் மினுக்கென்று அணைந்து எரிந்தது. தம்பி, அந்த மோட்டார் ஓடாமல் நிற்கும்போதும் உள்ளே ஒரு முனகல் முனகும், கவனித்திருப்பீர்கள். கடைசி நாட்களில் ஞானப்பூவின் நெஞ்சில் இருந்து வந்தது அதே சத்தம்தான். அந்தச் சத்தம் நின்ற பிறகுதான் நான் எழுந்து பார்த்தேன். இப்போது அது திரும்பவும் கேட்கிறது. சேலை வேறு அவளுடையது. காற்றில் முந்தானை அசைகிறது.

அல்போன்ஸ் போகட்டும் என்று நின்றேன். போன பிறகு பக்கத்தில் போய்க் குனிந்து கேட்டேன்.

"எனக்க மேல கோவமா, ஞானப்பூ?"

அசைத்தாள். இல்லை என்று.

எனக்கு அவள் கோபப்பட ஒன்றும் இல்லைதான். நான் எதுவும் செய்யவில்லை. ஆனாலும் புருஷன் பெண்டாட்டியிடம் கேட்கக் கூடாதா, சும்மா ஒரு பேச்சுக்கு? கேட்டேன், சொன்னாள். அன்று ராத்திரி, அவள் போன பிறகு முதல் தடவையாக, நான் கட்டிலில் படுத்துத் தூங்கினேன்.

அதிலிருந்து தினமும் விளக்கு வைக்கிற நேரம், ஆட்கள் வருவதற்கு முன்னால், ஸ்விட்சைப் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் போய் நிற்பேன். வலிக்கிறதா என்று கேட்பேன். இல்லை. குளிருகிறதா? இல்லை. நான் ஏதாவது குறை வைத்தேனா? இல்லை. அண்ணனைப் பார்க்காமல் போனது மனசில் இருக்கிறதா? அதற்கும் இல்லை. பாருங்கள், நான் நினைத்தது ஒவ்வொன்றும் அப்படியே இருந்தது. ஒரு நாள் வாய் தவறி, நான் செய்தது சரிதானே என்று கேட்டுவிட்டேன். தலையை அசைத்தாள். அப்புறம் யோசித்தேன், கேள்வி அவளுக்குச் சரியாக விளங்கவில்லை. மாற்றிக் கேட்டேன், நான் செய்தது தப்பா என்று. இல்லை என்று அசைத்தாள். கேட்கிற விதத்தில் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

பங்குச் சாமியார் வந்து பார்த்தார். இடமில்லை என்று சத்திரக்காரி தலையாட்டுகிறாள், நல்ல யோசனை ராயப்பன் என்றார். அவருக்கு அது அப்படிப் பட்டது. அந்த வருஷம் முதல் பரிசும் எங்கள் தெருவுக்குத்தான். வாங்கி வந்து எங்கேயோ வைத்தேன், எங்கே என்று ஞாபகமில்லை.

ஒரு நாள் கூட்டத்தோடு கூட்டமாக சூசைமரியானும் வந்தான். என்னைப் பார்க்கவில்லை. நேராகச் சத்திரத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டான். அந்தச் சேலையை அவன் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். ஆட்கள் வருகிறார்கள், போகிறார்கள், இவன் நகரவில்லை. அவனுடைய உதடு அசைந்தது தம்பி. என்னத்தையோ கேட்டான். என்ன கேட்டான் என்று எனக்குத் தெரியாது. அவள் அவனுக்கும் தலையை அசைத்தாள். எனக்குச் சொன்ன மாதிரியே, அதே மெதுவாக. அவன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான். எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளே போய் மெயினை அணைத்தேன். கரண்டு போயிற்று, எல்லாரும் போங்கள் என்றேன். தெருவிளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அவன் தெருவிளக்கைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், போய்விட்டான். அவள் என்னிடம் சொன்னதை அவனிடமும் எதற்குச் சொல்ல வேண்டும்? இரண்டு நாள் நான் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மனசு கேட்கவில்லை.

இரண்டாவது எனக்குத் தீங்கு செய்தவன் ஸ்டெபின். பெற்ற மகன். இவன் செய்ததற்கு முன்னால் மச்சினன் செய்தது தூசு.

ஜனவரி ஆறாம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு வந்தான். அன்று எனக்குக் கருங்கல் ஊர்ப் பக்கம் கான்கிரீட் வேலை. நான் சாயங்காலம் திரும்பி வந்து, கால் கழுவி, ஸ்விட்சைப் போட்டேன். ராஜாக்கள் மரியாதையாகக் குனிந்து நிமிர்ந்தார்கள். பறக்கவில்லை. அவள் மெள்ள ரோட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பினாள். விளக்கு பிரகாசமாயிற்று. நான் பக்கத்தில் போய்க் கேட்டேன். அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் கேட்டேன். விளக்கு மங்கிற்று. நான் நிற்கிற பக்கம் திரும்பவே இல்லை.

என்னலே செய்தாய் என்று கேட்டேன். அவன் சிரித்தபடி, சரி செய்துவிட்டேன் என்கிறான்.

"ரெண்டு போர்டுக்கும் ஒரே வீட்டு நம்பர் ஆயிப்போச்சு அப்பா. பழைய போர்டில ஒரு துளி ஈயம் வச்சு நம்பரை மாத்தியிருந்தேன். நீங்க வாங்கின புதுசில அது இல்லை, இப்பத்தான் வச்சேன். அதான், தொழுவத்துக்குச் சொன்னதையெல்லாம் சத்திரமும் கேட்டு ஆடியிருக்கு."

தலையை அசைத்தாளே என்றேன்.

"அது ஆட்டுக்குச் சொன்னதாக்கும். ஆடு தலையைத் திருப்பும்லா, அதே அஞ்சாவது இடத்திலதான் இங்க அம்மைக்க கழுத்து."

அந்த ஈயத்தை எடு என்றேன். எதற்கு என்றான். எடு என்றேன். ராஜாக்கள் மறுபடியும் பறப்பார்களே என்றான். பறக்கட்டும் என்றேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். சிரிப்புப் போயிற்று. அம்மாவிடம் என்ன கேட்டீர்கள் என்றான். நான் சொல்லவில்லை. தகப்பன் மகனிடம் சொல்கிற விஷயமா அது? வயரைச் சுருட்டத் தொடங்கினான். அப்புறம் சொன்னான். தலையை நிமிர்த்தாமல் சொன்னான்.

"மாமா வந்தன்னைக்கு யாருமில்லைன்னு சொன்னிய. அம்மைக்கு எல்லாம் கேட்டுது அப்பா. ஜன்னல் தொறந்துதானே கெடந்துது."

இதை ஒரு மகன் சொல்லலாமா தம்பி? சொல்லுங்கள். உங்களுக்கும் தகப்பனார் இருப்பார். அவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தவன், இன்னும் கொஞ்சம் மூடிக்கொண்டிருந்தால் என்ன? நான் சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். இந்தக் குடிலையும் வேண்டாம், உன்னையும் வேண்டாம், போ என்றேன். போய்விட்டான். போ என்று சொன்னால் போய்விடுவதா? இரண்டு வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை போன் வரும். நான் எடுக்க மாட்டேன். அப்புறம் அல்போன்ஸுக்கு வரும். அப்பா சாப்பிட்டாரா என்று கேட்கிறானாம். சாப்பிட்டேனா என்று தெரிந்து அவனுக்கு என்ன ஆகப்போகிறது?

போன வருஷம் குடில் வைக்கவில்லை. இந்த வருஷம் நானே எல்லாவற்றையும் இறக்கி, நனையாமல் இந்த முன்னறைக்குள்ளேயே மாட்டினேன். ஓடுகிறது. ரோட்டைப் பார்க்கிறாள். அதனால்தான் உங்களைக் கூப்பிட்டேன்.

இதோ இதுதான் சத்திரத்துப் போர்டு. ஓரத்தில் ஜோடி ஜோடியாகப் புள்ளி இருக்கிறதா? கடைசி ஜோடியில் மட்டும் மினுங்குகிறது பாருங்கள், கடுகு மாதிரி. அதுதான். ராஜாக்களைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், பறக்கட்டும், நான் அல்போன்ஸிடம் சொல்லிக்கொள்கிறேன். பிளக் பாயின்ட் உங்களுக்குப் பின்னால் இருக்கிறது. அந்த ஈயம் உருக்குகிற இரும்பு சூடேற எவ்வளவு நேரமாகும்? ஆகட்டும். புகை பரவாயில்லை, ஜன்னலை நான் இப்போதெல்லாம் சாத்தியே வைத்திருப்பேன், வேண்டுமென்றால் கதவைத் திறக்கிறேன்.

இவ்வளவுதானா? ஒரு துடைப்பு, அவ்வளவுதானா?

ஸ்விட்சைப் போடுங்கள்.

பாருங்கள். பறக்கிறார்கள். பாருங்கள், பாருங்கள். அசைக்கிறாள். நான் சொல்லவில்லையா? தம்பி, தயவுசெய்து கொஞ்சம் வாசலில் போய் நில்லுங்கள். ஒரு நிமிஷம். எனக்கு ஒன்று கேட்க வேண்டும்.

வாருங்கள். வந்து உட்காருங்கள்.

கேட்டேன். அசைத்தாள். அன்றைக்கு அசைத்த மாதிரியேதான், ஒரு குறையும் இல்லை. நீங்கள் வேலை தெரிந்த ஆள். ஆனால் அவள் அசைத்ததும் என் கண் எங்கே போயிற்று தெரியுமா? அந்தப் பக்கம் போயிற்று, ஆட்டுக்கு. அதுவும் அசைக்கிறது. அந்த வருஷம் முழுக்க அங்கே ஒரு ஆடு நின்றதே எனக்குத் தெரியாது. நானே செய்த ஆடு. இப்போது ஆட்டைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

ஆட்டைக் கழற்றிவிடலாம் என்கிறீர்களா? அதன் வயரை மட்டும் பிடுங்கினால் அவள் பாட்டுக்கு அசைப்பாளா? பிடுங்குங்கள்.

ஆடு நிற்கிறது. ஆமாம். அவள் மட்டும்தான். நீங்கள் இருங்கள், பரவாயில்லை, மனசுக்குள் கேட்டுக்கொள்கிறேன்.

இல்லை தம்பி.

அசைக்கிறாள், அசைக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. அசைக்கிறாள். ஆனால் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவளை நான் எங்கே திருப்ப? அந்த ஜன்னலைப் பற்றி அவன் சொன்ன பிறகு, எந்தக் கேள்வியைக் கேட்டாலும் அவளுடைய முதுகுதான் எனக்குத் தெரிகிறது.

உங்கள் மேல் ஒரு குறையும் இல்லை. பெட்டியைக் கட்டுங்கள், இருட்டுவதற்குள் ரோட்டில் ஏறுங்கள். ஸ்விட்சை அணைக்க வேண்டாம், ஓடட்டும். அவன் வைத்த ஈயத்தை நீங்கள் எடுத்துவிட்டீர்கள், அவன் சொன்னதை எடுக்க நீங்கள் ஆளில்லை. அதை அவன்தான் எடுக்க வேண்டும். அம்மா அப்போது தூங்கிக்கொண்டிருந்தாள் என்று அவன் வாயால் சொல்ல வேண்டும். அதுதான் அவன் எனக்குத் தர வேண்டியது, வேறொன்றும் நான் கேட்கவில்லை. பொய்யானாலும் வாங்கிக்கொள்வேன். இந்த நிமிஷம் வரை அவன் அதைச் சொல்லவில்லை.